ஆன்டன் யெல்ச்சின்: சிறு படங்களின் நடிகர்

அமெரிக்கத் திரைப்படம் என்றவுடன் ஹாலிவுட் என்னும் பெயர்தான் நம் நினைவுக்கு வருகிறது. பெரிய பெரிய ஸ்டுடியோக்கள், கோடிக்கணக்கான டாலர் முதலீடு, உலகெங்கும் ஒரே வாரத்தில் திரைக்கு வரும் படங்கள், இவற்றையெல்லாம் அப்பெயர் ஒருங்கே குறிக்கிறது. ஆனால் அதே நாட்டில், அதன் நிழலிலேயே, வேறொரு படத்தொழிலும் நடந்து வருகிறது. அதனைச் சுயேச்சைப் படத்தொழில் எனலாம். ஸ்டுடியோவின் பணத்தை நம்பாமல், உறவினரிடமும் நண்பரிடமும் கலையார்வம் கொண்ட சில செல்வரிடமும் பொருள் திரட்டி, சில வாரங்களுக்குள் படத்தை எடுத்து முடித்து, பின்னர் அதனை விநியோகிப்பதற்கு ஆள் தேடுவது இத்தொழிலின் வழக்கம். யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்னும் மலையூரில், ஜனவரி மாதத்துப் பனியில், பல்லாண்டுகள் நடைபெற்ற சன்டான்ஸ் திரைப்பட விழா இப்படங்களுக்கு ஒரு பெருஞ்சந்தையாக விளங்கியது. அங்கே விலைபோனால் படம் பிழைத்தது. இல்லையேல் பெட்டிக்குள் உறங்க வேண்டியதுதான்.

இத்தகைய படங்களையே விரும்பி நாடிய ஓர் இளம் நடிகரைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அவர் பெயர் ஆன்டன் யெல்ச்சின். பதினாறு ஆண்டுக் காலம் நடித்தார். இருபத்தேழாம் வயதில் மறைந்தார். பெரும் படங்களில் அவர் நடிக்காமல் இல்லை. அவற்றின் மூலமாகவே உலகம் அவருடைய முகத்தை அறிந்தது. ஆயினும் அவருடைய திறமை முழுவதையும் காண விரும்புகிறவர், கூட்டம் சேராத சிறு படங்களைத்தான் தேடிச் செல்ல வேண்டும்.

அவர் பிறந்தது அமெரிக்காவில் அன்று. சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரத்தில், 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தை விக்டர், தாய் இரினா இருவரும் பனித்தளத்தில் சறுக்கி ஆடும் கலையில் தேர்ந்தவர்கள். லெனின்கிராட் பனிநடனக் குழுவில் பதினைந்து ஆண்டுகள் முன்னணிக் கலைஞர்களாக விளங்கியவர்கள். 1972-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்துக்குத் தகுதி பெற்றிருந்தும் அவர்கள் அனுப்பப்படவில்லை. யூதர்கள் என்பதனாலா, வெளிநாடு சென்றால் திரும்பமாட்டார்கள் என்று இரகசியப் போலீசார் ஐயுற்றதனாலா என்பது தம் குடும்பத்தாருக்கே தெளிவாகத் தெரியாது என்று மகன் பிற்காலத்தில் சொன்னதுண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியபோது, 1989-ஆம் ஆண்டு செப்டம்பரில், இருவரும் அதனைத் தூக்கிக்கொண்டு அகதிகளாக அமெரிக்கா சேர்ந்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில், அவர்கள் விட்டுவந்த ஊரின் பெயரும் மாறிவிட்டது, நாடும் மறைந்துவிட்டது.

குடியேறிய இடமோ தெற்குக் கலிபோர்னியா. வெயிலுக்குப் பேர்போன அப்பிரதேசத்தில் பனிச்சறுக்கு ஆசிரியர்களுக்கு என்ன வேலை என்று நாம் கேட்கலாம். கூரை வேய்ந்த அரங்குகளுக்குள் எந்திரத்தால் உறையவைத்த பனிக்கட்டியின்மேல் அவர்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார்கள். 2006-ஆம் ஆண்டு டூரின் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற சாஷா கோஹன் என்னும் நங்கைக்குச் சிறு வயதில் பயிற்சி தந்தவர் விக்டர் யெல்ச்சின். ஆனால் ஊரார் பிள்ளைகளைப் பனித்தளத்தில் பறக்கவைத்த அந்தப் பெற்றோரின் சொந்த மகனுக்கு அக்கலை கைவரவில்லை. பெற்றோர் அவனை வற்புறுத்தவுமில்லை. சறுக்கு வராவிட்டால் வேறொன்று வரும் என்று விட்டுவிட்டார்கள். தம் தொழிலையே தம் பிள்ளையும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காத கலைஞரைக் காண்பது எந்த நாட்டிலும் அரிது. அவர்கள் அத்தகையோராய் இருந்தமையால் பத்துப் பதினோரு வயதிலேயே ஆன்டன் காமிராவின்முன் வந்து நின்றான். 2000-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் தலைகாட்டினான். அடுத்த ஆண்டே ‘ஹார்ட்ஸ் இன் அட்லாண்டிஸ்’ என்னும் படத்தில் முக்கிய வேடம் கிட்டியது.

ஸ்டீஃபன் கிங்கின் கதையை ஆதாரமாகக் கொண்ட அப்படத்தில் அவனுடன் நடித்தவர் ஆன்டனி ஹாப்கின்ஸ். தந்தையை இழந்த சிறுவன் ஒருவன். அவன் வீட்டு மாடியில் குடிவரும் முதியவர் ஒருவர். கண் பார்வை மங்கிவிட்டது என்று சொல்லி, நாள்தோறும் செய்தித்தாளைப் படித்துக் காட்டும் வேலையைச் சிறுவனுக்குத் தருகிறார் முதியவர். வாரத்துக்கு ஒரு டாலர் கூலி. உண்மையில் அவர் யாருக்கோ அஞ்சி ஒளிந்து வாழ்கிறார். இத்தகைய கதையில் குழந்தை நடிகர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். கண்ணை அகல விரிப்பார்கள். வயதுக்கு மீறிய வசனத்தை ஒப்பிப்பார்கள். இச்சிறுவன் அவ்விதம் எதுவும் செய்யவில்லை. எதிரே இருப்பவர் பேசுவதைக் கவனித்துக் கேட்டான். ஹாப்கின்ஸ் போன்ற ஒரு பெருநடிகர் பேசும்போது அவரைக் காட்டிலும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவனின் முகத்தை நம் கண் நாடுகிறதென்றால், அது பயிற்றுவித்து வருவதன்று. பிற்காலத்தில் அவர் ஏற்ற நல்ல வேடங்கள் எல்லாவற்றிலும் இந்தக் ‘கேட்கும்’ குணமே அடிப்படையாக இருந்தது என்பது என் கருத்து.

வீட்டில் அவன் செய்த வேலைகளும் வியப்பை அளிப்பவை. பழைய படங்களையும் அயல்நாட்டுப் படங்களையும் தேடிப் பிடித்துப் பார்ப்பான். தனக்கு அனுப்பப்படும் கதைப் பிரதிகளின் ஓரங்களில் எறும்பு ஊர்வதுபோல் குறிப்புகளை எழுதி நிரப்புவான். தாய்க்குக் கடிதம் எழுதுவான். படப்பிடிப்புக்காக எந்த ஊருக்குச் சென்றாலும் எழுதுவான். பெற்றோருக்கு அவன் ‘அந்தோஷா’. ரஷ்ய மொழியில் ஆன்டன் என்ற பெயரைச் செல்லமாகச் சொல்லும் முறை அது. வேற்று மொழி வழங்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்கள், வீட்டுக்குள் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயருமாக வாழும் இந்நிலையை நன்கு அறிவார்கள்.

இதனிடையே, வெளியார் அறியாத ஒன்றும் இருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்பது பரம்பரையாக வரும் ஒரு நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள ஒரு மரபணு குழந்தைக்கு வந்து சேருமானால் இந்நோய் உண்டாகிறது. நுரையீரலில் சுரக்கும் சளி பசைபோல் கெட்டியாகி மூச்சுக் குழல்களை அடைக்கிறது; கிருமிகள் அங்கே எளிதில் தங்கிவிடுகின்றன; உணவு செரிப்பதும் பாதிக்கப்படுகிறது. நாள்தோறும் மருந்தை ஆவியாக உள்ளிழுக்க வேண்டும். நெஞ்சிலிருந்து சளியை வெளியேற்ற முறையான பயிற்சிகளைச் செய்ய வேண்டும். ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. இந்த நோயுடன்தான் ஆன்டன் யெல்ச்சின் வாழ்ந்தார். இந்த நோயுடன்தான் இரவுப் படப்பிடிப்புகளில் நின்றார். அவர் மறைந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. உடல்நிலையைக் காட்டி அனுதாபம் தேடுவது அவருக்கு ஒவ்வாது போலும். உண்மை வெளியானால் வேலை கிடைப்பதும் அரிதாகலாம். இவ்விரண்டில் எது முதற்காரணம் என்று நாம் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

குழந்தை நடிகர்களுள் பெரும்பாலோர் மீசை அரும்பும் வயதில் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஆன்டன் அந்த ஆற்றைக் கடந்தது ‘ஆல்ஃபா டாக்’ என்னும் படத்தால். 2006-ஆம் ஆண்டு சன்டான்ஸ் விழாவில் முதலில் காட்டப்பட்டது அது. அதனை இயக்கியவர் நிக் கசவேட்டிஸ். இவருடைய தந்தை ஜான் கசவேட்டிஸைப் பற்றி இங்கே இரண்டொரு வார்த்தை சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. அமெரிக்கச் சுயேச்சைப் படத்துக்கு முன்னோடி என்று பலரும் கொண்டாடுவது அவரைத்தான். ‘ஷேடோஸ்’ என்னும் முதற்படத்தை எடுக்க அவர் பணத்துக்குத் திண்டாடிய காலத்தில், 1957-ஆம் ஆண்டு, நியூயார்க்கில் ஓர் இரவு வானொலி நிகழ்ச்சியில் பேசினார். சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் நேயர்களே அதற்குப் பணம் அனுப்பலாமே என்றார். நேயர்கள் உண்மையாகவே அனுப்பிவிட்டார்கள்! டாலர் நோட்டுகள் அஞ்சலில் வந்தன. வானொலிப் பேச்சுக்கு அத்தகைய சக்தி இருந்த காலம் அது. படம் 1959-இல் முற்றுப் பெற்றது. அதன் பின்னர் ஜான் கசவேட்டிஸ் பெரிய ஸ்டுடியோப் படங்களில் நடித்துக் கூலி பெறுவார். அந்தக் கூலியைத் தம் சொந்தப் படங்களில் கொட்டுவார். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கும் இந்த வழியில், தம்மையறியாமலே, ஆன்டன் யெல்ச்சினும் பிற்காலத்தில் நடந்தார்.

‘ஆல்ஃபா டாக்’ 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு கொலையைத் தழுவியது. போதைப்பொருள் விற்கும் இளைஞர் கூட்டம் ஒன்று. அவர்களுக்குச் சொற்பக் கடன் பட்டவன் ஒருவன். கடன் திரும்பாத கோபத்தில், வழியில் தென்பட்ட அவனுடைய தம்பியைப் பிடித்துச் செல்கிறார்கள். தம்பிக்குப் பதினைந்து வயது. ஆன்டன் ஏற்றது இவ்வேடம். படத்தின் கொடுமை எங்கே இருக்கிறதென்றால், பிடித்துச் சென்றவர்கள் அவனைக் கட்டிவைக்கவில்லை. தம்முடன் விருந்துகளுக்கு அழைத்துப் போகிறார்கள். நீச்சல் குளம், இசை, பெண்களின் சிரிப்பு. கண்டிப்பான வீட்டிலிருந்து வந்த பையனுக்கு இவையெல்லாம் புதுமை. தப்பி ஓடுவதற்கு வாய்ப்பிருந்தும் அவன் ஓடவில்லை. அண்ணனுக்குத் தன்னால் தொல்லை வேண்டாம் என்று கருதுகிறான். அவன் மகிழ்ச்சி வளர வளர நம் வயிறு கலங்குகிறது. ஏனெனில் முடிவு நமக்குத் தெரியும்; அவனுக்குத் தெரியாது. வரப்போவதைப் பற்றிய ஒரு சாயலைக்கூட நடிகர் தம் முகத்தில் முன்கூட்டிக் காட்டவில்லை. மலைச்சரிவில், நள்ளிரவில், தோண்டிவைத்த குழியைக் காணும்வரையில் அந்தப் பையன் தான் வாழப்போவதாகவே நம்புகிறான். முடிவைத் தெரிந்துகொண்டு நடிப்பவர் முடிவே தெரியாதவனாக நடிப்பது எத்தனை கடினம் என்பதை மேடையேறியவர்கள் அறிவார்கள். அப்போது அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

2007-ஆம் ஆண்டு தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயிலச் சேர்ந்தார். நடிப்போடு நில்லாமல் படம் இயக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கனவு. ஆனால் பெரிய படங்களின் வாயிலும் அப்பொழுதே திறந்தது. 2009-ஆம் ஆண்டில் ‘டெர்மினேட்டர்’ வரிசையில் ஒரு படமும், ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளிப் படமும் அடுத்தடுத்து வெளிவந்தன. இரண்டாவது படத்தில் விண்கலத்தின் பதினேழு வயது மாலுமியான செக்காவ் என்னும் ரஷ்ய இளைஞனாக அவர் வந்தார்.

இந்த வேடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1960-களில் தொலைக்காட்சியில் வந்த மூலத் தொடரில் வால்டர் கோனிக் என்னும் நடிகர் செக்காவை ஒரு விசித்திரமான உச்சரிப்புடன் பேசவைத்திருந்தார். ஆங்கிலத்தில் வகரம் இரண்டு விதம். பல் இதழைத் தொட்டு ஒலிப்பது ஒன்று, இரண்டு இதழும் குவிந்து ஒலிப்பது மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தாகையால் நமக்கு அந்தத் தொல்லை பெரிதாகத் தோன்றுவதில்லை. செக்காவ் முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டாவதைச் சொல்வான். உண்மையான ரஷ்யர் செய்யக்கூடிய பிழை இதற்கு நேர்மாறானது! பிறந்தது முதல் ரஷ்ய உச்சரிப்பைத் தாய்தந்தையர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த ஆன்டனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் பழைய நகைச்சுவைக்கு மரியாதை செய்து அதை அவ்வாறே வைத்துக்கொண்டார். விண்கலத்தின் கணிப்பொறி அவன் சொல்லும் சங்கேதச் சொல்லைப் புரிந்துகொள்ளாமல் மறுக்கும் காட்சியில் அரங்கமே சிரித்தது. வேற்று மொழிக்காரர் பேச்சைச் சினிமா எப்போதும் இப்படித்தான் கேட்கிறது. 1968-இல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் தமிழ்ச் சங்கீத வாத்தியாராக வந்து பேசிய இந்தியை வடக்கே வாழும் நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். சிரித்தவர்களோடு சேர்ந்து நாமும் சிரித்தோம். அதில் கொஞ்சம் உறுத்தலும் இருந்தது. ஆன்டன் அந்த உறுத்தலைத் தீர்த்த விதம் நேர்த்தியானது. உச்சரிப்பு வேடிக்கையானது, ஆனால் அதைப் பேசும் பையன் கலத்திலேயே கெட்டிக்காரன், தன் கெட்டிக்காரத்தனத்தில் குழந்தைபோல் பூரிப்பவன். சிரிப்பு முடிந்தபின் அன்புதான் எஞ்சுகிறது.

‘ஸ்டார் டிரெக்’ படத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 15 கோடி டாலர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், அதே நடிகர் கதாநாயகனாக நடித்த ‘லைக் க்ரேஸி’ என்ற படத்துக்கு ஆனதோ ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர்தான். முந்தைய படத்தின் பணத்தைக்கொண்டு இதுபோல் அறுநூறு படங்கள் எடுக்கலாம். டிரேக் டோரிமஸ் என்னும் இளைஞர் இயக்கிய இப்படம், கடையில் எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய ஒரு சாதாரணப் புகைப்படக் காமிராவைக் கொண்டே எடுக்கப்பட்டது. வசனம் எழுதப்படவில்லை. கதைச் சுருக்கமாக ஏறக்குறைய ஐம்பது பக்கம் இருந்தது. ஒவ்வொரு காட்சியிலும் என்ன நிகழவேண்டும் என்பது அதில் இருந்தது. பேச்சு மட்டும் நடிகர்களின் நாவிலிருந்தே அவ்வப்போது பிறக்க வேண்டும்.

கதை எளிது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கல்லூரி மாணவனான ஜேகப், அங்கு வந்து பயிலும் அன்னா என்னும் ஆங்கிலப் பெண்ணிடம் காதல் கொள்கிறான். படிப்பு முடிகிறது, அவளுடைய மாணவர் விசாவும் முடிகிறது. கோடைக்காலத்தை மட்டும் அவனுடன் கழித்துவிட்டுப் போகலாம் என்று சட்டத்தை மீறித் தங்கிவிடுகிறாள். இளம் வயது; இரண்டு மாதம் ஒரு குற்றமா என்ற எண்ணம். பின்னர் இங்கிலாந்து சென்று திரும்பி வருகையில், விமான நிலையத்தில் அதிகாரிகள் அவளைத் தடுத்து, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதன் பின் ஆண்டுக்கணக்கில் மனு, வக்கீல், காத்திருப்பு. இருவருக்கும் இடையே வில்லன் என்று எவனும் இல்லை. கடவுச்சீட்டில் ஒரு முத்திரை இல்லை, அவ்வளவே. நேர வேறுபாட்டால் ஒருவர் விழித்திருக்கையில் மற்றவர் உறங்குகிறார். தொலைபேசி மணி அடித்து ஓய்கிறது. இருவர் வாழ்விலும் வேறு துணைகள் வந்து போகின்றன. கடைசியில் அனுமதி கிடைக்கிறது. அவள் வந்து சேர்கிறாள். நாம் எதிர்பார்த்த அந்த நாள் வந்தேவிட்டது. குளியலறையில் நீர்த்தாரையின் கீழ் இருவரும் அணைத்தபடி நிற்கிறார்கள், பேச்சில்லை. இருவர் முகத்திலும் ஒரே கேள்வி நிழலாடுகிறது: நாம் காத்திருந்தது இதற்காகத்தானா? ஆன்டன் யெல்ச்சினின் முகத்தில் மெல்ல மெல்ல அந்தச் சந்தேகம் கசியும் விதத்தை வார்த்தையால் விளக்க எனக்குத் திறமை போதாது. வசனத்தை முழுவதும் எழுதிக் கொடுத்திருந்தாலும் இதை எழுதியிருக்க முடியாது.

அகதியாக வந்து சேர்ந்த குடும்பத்தின் மகன், கதையில் அந்நாட்டுக் குடிமகனாக நின்று, எல்லையில் தடுக்கப்பட்டவளுக்காக ஏங்கினான் என்பதும் நினைவில் நிற்கிறது. சன்டான்ஸ் விழாவில் நடுவர்களின் முதற்பரிசை அப்படம் பெற்றது. பாரமவுண்ட் நிறுவனம் 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. நடிப்புக்கான சிறப்புப் பரிசு அன்னாவாக நடித்த ஃபெலிசிட்டி ஜோன்ஸுக்குக் கிடைத்தது. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால் அவர் பேசும்பொழுதெல்லாம் எதிரில் இருந்து கேட்டவர் யார் என்பதையும் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். கேட்பதற்குப் பரிசு தரும் வழக்கம் எந்த விழாவிலும் இல்லை.

இந்த வெற்றிக்குப் பிறகு அவர் கதாநாயகப் படிக்கட்டில் மேலே ஏறுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர் பக்கவாட்டில் நடந்தார். 2013-லும் 2016-லும் ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் அடுத்த படங்களில் செக்காவாகத் தோன்றினார். குழந்தைகளுக்கான கேலிச்சித்திரப் படங்களுக்குக் குரல் கொடுத்தார். இவை சோற்றுக்கு வழி. எஞ்சிய நாட்களில் முதற்படம் எடுப்பவர், பணமில்லாதவர், புதுமை செய்ய விரும்புபவர் ஆகியோரிடம் சென்றார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இவ்விதம் அவர் நடித்தவை யாவும் நல்ல படங்கள் அல்ல. ஒரே ஆண்டில் மூன்று, நான்கு என்று ஏற்றுக்கொண்டதில் சில அரைவேக்காடாக முடிந்தன. மறக்கப்பட்டது நியாயமே என்று சொல்லத்தக்கனவும் உண்டு. சலித்து எடுத்து நடித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் சலித்தெடுப்பவருக்குப் புதியவரின் முதல் முயற்சிகள் கிட்டுவதில்லை.

ஜிம் ஜார்முஷ் இயக்கி 2013-இல் வந்த ‘ஒன்லி லவர்ஸ் லெஃப்ட் அலைவ்’ படத்தில் அவருக்குச் சின்னஞ்சிறு வேடம். தொழிற்சாலைகள் மூடிப் பாழடைந்த டெட்ராய்ட் நகரத்தில், நூற்றாண்டுகளாக இறவாமல் வாழும் ஓர் இசைமேதை பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கிறான். அவனுக்குப் பழைய கிடார்களையும், காரணம் கேளாமல் மரத்தாலான ஒரு துப்பாக்கிக் குண்டையும்கூடத் தேடிக் கொணர்ந்து தரும் எடுபிடிப் பையனாக ஆன்டன் வருகிறார். படம் முடிவதற்குள் அவன் இறந்துவிடுகிறான். பெரிய மனிதரின் நட்பு கிடைத்துவிட்டதே என்ற அவனுடைய பெருமையும், அந்த நட்பின் உண்மையை அறியாத அவனுடைய வெகுளித்தனமும் படம் முடிந்த பின்னும் நம்மைத் தொடர்கின்றன.

2015-ஆம் ஆண்டு கான் நகரில் காட்டப்பட்ட ‘க்ரீன் ரூம்’ இதற்கு முற்றிலும் மாறானது. ஊர் ஊராக வேனில் சென்று வாசிக்கும் ஓர் ஏழை இசைக்குழு. பெட்ரோலுக்குக்கூடக் காசில்லாமல் பிறர் வண்டிகளிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சும் நிலை. ஓரிகன் மாநிலத்தின் காட்டுப் பகுதியில், இனவெறியர்கள் நடத்தும் ஒரு கூடத்தில் கூலிக்கு வாசிக்கப் போகிறார்கள். அங்கே ஒரு கொலையைக் கண்டுவிடுகிறார்கள், அறைக்குள் அடைபடுகிறார்கள். வெளியே நின்று மென்குரலில் பேரம் பேசும் தலைவனாக வருபவர் பாட்ரிக் ஸ்டூவர்ட். பிந்தைய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் விண்கலத் தலைவராக விளங்கியவர் இவர்! விண்வெளியில் சந்திக்காத இருவர் இந்த இருட்டறையின் கதவுக்கு இருபுறமும் நின்று பேசிக்கொள்கிறார்கள். ஆன்டன் பேஸ் கிடார் வாசிப்பவனாக நடித்தார். நிஜ வாழ்விலும் அவர் ஓர் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர். சாகசப் படங்களில் நாயகன் அஞ்சமாட்டான். இவனோ தொடக்கம் முதலே அஞ்சுகிறான். கை வெட்டுண்டு தொங்க, அழுகிறான். அந்த அச்சத்தோடேயே அடுத்த அடியை எடுத்து வைக்கிறான். துணிவு என்பதற்கு இதனிலும் நம்பத்தக்க சித்திரத்தை அண்மைக் கால அமெரிக்கப் படங்களில் நான் கண்டதில்லை.

2016-ஆம் ஆண்டு வசந்தத்தின் இறுதியில் ‘தரோபிரெட்ஸ்’ என்னும் படத்தில் நடித்தார். நாடகாசிரியர் ஒருவர் முதன்முறையாக இயக்கிய படம் அது. பெரிய மனிதனாகப் போகிறேன் என்று வாய்ச்சவடால் அடிக்கும் ஒரு சில்லறைப் போதைப்பொருள் வியாபாரியின் வேடம். நகைப்புக்கும் இரக்கத்துக்கும் சம பங்கு உரியவன். படப்பிடிப்பு முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஜூன் 19-ஆம் நாள் தம் இசைக்குழு நண்பர்களுடன் ஒத்திகைக்குச் செல்ல வேண்டியவர் வரவில்லை. நண்பர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். செங்குத்தான வீட்டுப் பாதையில் நிறுத்தியிருந்த அவருடைய சொந்தக் காரே பின்னோக்கி உருண்டு வந்து, வாயிற்கதவின் தூணோடு அவரை நசுக்கியிருந்தது. அம்மாதிரிக் கார்களில் கியர் நெம்புகோல் சரியாக நின்றுவிட்டதா என்பது ஓட்டுபவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்பதனால், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, ஏப்ரலில், உலகெங்கும் பதினோரு லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. அவருடைய காரும் அவற்றுள் ஒன்று. பெற்றோர் தொடுத்த வழக்கு 2018-இல் சமரசமாக முடிந்தது. ஒவ்வொரு நாளும் மூச்சுக்காகப் போராடிய ஒருவருக்கு முடிவு அந்தத் திசையிலிருந்து வரவில்லை.

அவர் மறைந்த அடுத்த மாதம் வெளியான ‘ஸ்டார் டிரெக்’ படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. செக்காவின் வேடத்துக்கு வேறு நடிகரைத் தேடுவதில்லை என்று தயாரிப்பாளர் ஜே. ஜே. ஏப்ராம்ஸ் அறிவித்தார். போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் மூன்று அளவுப் படச்சுருள்களில் எடுக்கப்பட்ட ‘போர்ட்டோ’ செப்டம்பரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கியர்மோ டெல் டோரோ உருவாக்கிய ‘ட்ரோல்ஹன்டர்ஸ்’ என்னும் சிறுவர் தொடரில் அவர் பதிவு செய்துவைத்திருந்த குரல் டிசம்பரில் ஒலிக்கத் தொடங்கியது. அவர் விட்டுச்சென்ற எஞ்சிய பகுதிக்குப் பின்னர் குரல் கொடுத்தவர் எமிலி ஹெர்ஷ். ‘ஆல்ஃபா டாக்’ படத்தில் அந்தப் பையனின் சாவுக்கு உத்தரவிட்ட கூட்டத் தலைவனாக நடித்தவர் இவரே. தாம் இயக்கவென்று அவர் திட்டமிட்டிருந்த படம் மட்டும் எடுக்கப்படாமலே போயிற்று.

2019-ஆம் ஆண்டு சன்டான்ஸ் விழாவில் ‘லவ், அந்தோஷா’ என்னும் விவரணப் படம் காட்டப்பட்டது. ‘லைக் க்ரேஸி’யின் இயக்குநர் டோரிமஸ் அதன் தயாரிப்பாளருள் ஒருவர், இயக்கியவர் காரெட் பிரைஸ். விக்டரும் இரினாவும் பேணி வைத்திருந்த வீட்டுப் படச்சுருள்களும் கடிதங்களும் குறிப்புப் புத்தகங்களும் அதற்கு மூலப்பொருளாயின. அவருடைய எழுத்துகளை நிக்கோலஸ் கேஜ் படித்துக் காட்டுகிறார். நோயின் உண்மையைப் பெற்றோர் இனி மறைக்கவில்லை. அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயாளருக்கான சிகிச்சைப் பிரிவு இன்று அவருடைய பெயரைத் தாங்குகிறது.

அவருடைய படங்களைக் காண விரும்பும் நேயர்கள் ‘லைக் க்ரேஸி’யிலிருந்து தொடங்கலாம். அதன் பிறகு ‘ஹார்ட்ஸ் இன் அட்லாண்டிஸ்’. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத்தக்கது. ‘ஆல்ஃபா டாக்’ பெரியவர்களுக்கு மட்டுமே ஏற்றது. ‘க்ரீன் ரூம்’ படத்தை இரத்தத்தைக் கண்டு மயங்காதவர்கள் பார்க்கட்டும், அதுவும் பகற்பொழுதில்.